மறதிநோயில் உறவை இழந்தவர்களுக்கான துணைக் குழு: ஒரு மகளின் மதிப்பீடு

சிங்கப்பூரின் தோ பாயோவில் உள்ள சமூக சேவை அமைப்பு ஒன்று, டிமென்ஷியா எனப்படும் முதுமைக்கால மறதிநோயில் பெற்றோரையோ வாழ்க்கைத் துணையையோ பறிகொடுத்தவர்களுக்கென்று தனியாக ஒரு துணைக் குழுவை நடத்துகிறது. வாரம் ஒரு மாலை, இரண்டு மணி நேரம், மொத்தம் 8 வாரங்கள். ஓர் அமர்வுக்கு 10 வெள்ளி, இயலாதவர்களிடம் அதையும் கேட்பதில்லை. அம்மா காலமான பிறகு அதில் சேர்ந்து தொடரை முழுமையாக முடித்தேன். குழுவில் பேசப்படுவது வெளியே போகக்கூடாது என்பது அனைவரும் முதல் நாளே ஏற்றுக்கொண்ட விதி. ஆகவே அமைப்பின் பெயரை நான் குறிப்பிடவில்லை. மற்றவர்கள் சொன்னவற்றில் அவர்கள் சம்மதித்ததை மட்டுமே எழுதுகிறேன்.

மனநலக் கழகத்தின் 2023ஆம் ஆண்டு ஆய்வின்படி, சிங்கப்பூரில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் ஏறத்தாழ 11 பேரில் ஒருவருக்கு இந்நோய் உள்ளது. பகல்நேரப் பராமரிப்பு நிலையங்கள், வீட்டுக்கே வரும் தாதியர், பராமரிப்பாளர் பயிற்சி என்று உதவிகள் பெருகியிருப்பது உண்மைதான். ஆயினும் அவற்றில் பெரும்பாலானவை நோயாளி உயிரோடு இருக்கும் வரைக்குமானவை. மண்டாய் தகனச் சாலையிலிருந்து திரும்பி, பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பிறகு, அதுவரை நாள் முழுவதும் ஒலித்துக்கொண்டிருந்த தொலைபேசி ஓய்ந்துவிடுகிறது. பராமரித்தவர் எப்படி இருக்கிறார் என்று கேட்க ஆளில்லை.

இதற்கு முன் வேறோர் இடத்தில் பொதுவான துயர் ஆலோசனைக்குச் சென்றிருந்தேன். அங்கிருந்தவர் அன்பாகத்தான் பேசினார். ஆனால் இறந்த நாளிலிருந்துதான் துக்கம் தொடங்குகிறது என்று எடுத்துக்கொண்டு கேள்விகளைக் கேட்டார். நானோ அம்மாவுக்காகப் பல ஆண்டுகளாகவே அழுதுகொண்டிருந்தவள். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் துக்கம் விசாரிக்க வந்தவர்களும் "கல்யாணச் சாவும்மா, பேரன் பேத்தி எடுத்துட்டாங்க, இனி உனக்கும் நிம்மதி" என்று ஆறுதல் சொன்னார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த ஆறுதலுக்குப் பிறகு அழுவதற்கே கூச்சமாகிவிடுகிறது.

இந்தக் குழு வேறுபடுவது இங்கேதான். நடத்தும் சமூக ஊழியர் எங்களில் யாரிடமும் மரணத் தேதியைக் கேட்கவில்லை. "அவரை முதன்முதலாக இழந்ததாக எப்போது உணர்ந்தீர்கள்?" என்று கேட்டுவிட்டு, வெகுநேரம் காத்திருந்தார். நான் தேக்காச் சந்தையைப் பற்றிச் சொன்னேன். செவுளைத் தூக்கிப் பார்த்து, விலையைப் பேசி, ஒரு வெள்ளியாவது குறைக்காமல் மீன் வாங்காத என் அம்மா, ஒரு ஞாயிற்றுக்கிழமை காசை எண்ணத் தெரியாமல் பணப்பையை அப்படியே திறந்து மீன்காரரிடம் நீட்டினார். அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அம்மாவுக்குத் தெரியும்படி தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணிக் காட்டி, மீதியைப் பைக்குள் வைத்து, பையின் வாரை அம்மாவின் தோளில் சரிசெய்துவிட்டார். அம்மா இறந்த அன்றைவிட அன்று வீடு திரும்பிய பேருந்தில்தான் நான் அதிகம் உடைந்துபோனேன் என்பதை அந்த அறையில்தான் முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். யாரும் வியப்படையவில்லை. மலாய் அக்கா ஒருவர், நோன்புப் பெருநாளுக்குத் தன் தாயார் ரெண்டாங் சமைக்க அடுப்பின் முன் நின்றுவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் விசும்பிய நாளைச் சொன்னார்.

ஆள் கண்முன் இருக்கும்போதே இல்லாமல் போகும் இவ்வகை இழப்பைப் பற்றி, போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் பாலின் பாஸ் விரிவாக எழுதியிருக்கிறார். உடல் கிடைக்காத மரணத்துக்கும், உடல் மட்டும் எஞ்சியிருக்கும் நோய்க்கும் உள்ள ஒற்றுமையை ஊழியர் சில நிமிடங்களில் விளக்கினார். அதற்குமேல் பாடம் நடத்தாதது நல்லதாயிற்று.

என்னைப் பொறுத்தவரை தொடரின் மிகச் சிறந்த பகுதி நான்காம் வாரம். நோயாளியிடம் நாம் சொன்ன பொய்களைப் பற்றிப் பேசும் அமர்வு அது. அம்மா பிறந்து வளர்ந்தது செம்பவாங் கடற்படைத் தளத்தின் ஊழியர் குடியிருப்பில். பிரிட்டிஷ் படை 1971இல் வெளியேறியது. அம்மாவின் மனத்திலிருந்து மட்டும் அந்த இடம் போகவில்லை. மாலை மயங்கியதும் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, "அப்பா தேடுவாரு, வீட்டுக்குப் போகணும்" என்பார். தாத்தா இறந்துவிட்டார் என்று சொன்னால் அப்போதுதான் கேள்விப்பட்டதுபோல் கதறுவார் என்பதால், "பஸ் இன்னும் வரலம்மா, காப்பி குடிச்சிட்டுப் போகலாம்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். அம்மா போன பிறகு அந்தப் பொய்கள் என்னைத் தூங்கவிடவில்லை. அறையில் இருந்த அனைவரும் ஏறக்குறைய இதே போன்ற ஒன்றைச் சொன்னவர்கள்தாம். வீட்டைக் கேட்பவர் பெரும்பாலும் பாதுகாப்பைத்தான் கேட்கிறார், நீங்கள் அதைத்தான் கொடுத்தீர்கள் என்று ஊழியர் சொன்னதை நான் உடனே ஏற்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மரணத்துக்குப் பின் ஏற்படும் நிம்மதியையும் அவர்கள் மழுப்பாமல் பேசுகிறார்கள். இரவு முழுவதும் கதவுக்குக் காவல் இருந்தவருக்கு, விழுங்க முடியாத தாய்க்குக் கஞ்சி ஊட்டும் ஒவ்வொரு கரண்டிக்கும் புரையேறிவிடுமோ, நிமோனியாவில் முடியுமோ என்று அஞ்சியவருக்கு, அது ஓய்ந்ததும் நிம்மதி வரத்தான் செய்யும். அந்த நிம்மதியும் அழுகையும் ஒரே நாளில் வரலாம் என்று பிறர் சொல்லிக் கேட்பதே பெரிய உதவி.

நடைமுறை விவகாரங்களுக்கு ஓர் அமர்வு உண்டு. 2022 மே மாதம் முதல் மரணச் சான்றிதழை இணையத்தில் பதிவிறக்கிக்கொள்ளலாம், ஒருவர் மனத்திறனை இழந்தால் அவர் சார்பில் முடிவெடுக்க இன்னொருவருக்கு அதிகாரம் தரும் நீடித்த அதிகாரப் பத்திரம் மரணத்தோடு செல்லாததாகிவிடும், கட்டிலையும் சக்கர நாற்காலியையும் நன்கொடையாக வழங்கலாம் என்பன போன்ற தகவல்கள். பயனுள்ளவைதாம், ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்திருந்தாலே போதும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். குழு ஆங்கிலத்தில் நடக்கிறது. நோய் முற்ற முற்ற அம்மாவிடமிருந்து ஆங்கிலமும் மலாயும் உதிர்ந்து, தமிழ் மட்டுமே நின்றது. அவரைப் பற்றி ஆங்கிலத்தில் பேசும்போது பாதி நெஞ்சிலேயே தங்கிவிடுகிறது. முதலில் அவரவர் மொழியில் சொல்லலாம் என்று ஊழியர் இடம் கொடுத்தார், நானும் சொன்னேன். எனினும் ஆங்கிலம் சரளமாக வராத நம் பெரியவர்கள், குறிப்பாகக் கணவரைப் பராமரித்த பாட்டிமார்கள், இதில் சேரத் தயங்குவார்கள். தமிழில் ஒரு குழு இருந்தால் என் சித்தியை நானே கையைப் பிடித்து அழைத்துச் செல்வேன்.

இதைவிட என்னை வருத்தியது, குடும்பத்தினருக்கு மட்டுமே அனுமதி என்ற விதி. எங்கள் பணிப்பெண் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். அம்மா என் பெயரை மறந்த பிறகும் அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கடைசி மாதங்களில் அவள் ஊட்டினால்தான் வாயைத் திறந்தார். அம்மாவின் சேலையை மடித்து வைத்துக்கொண்டு அவள் அழுததைப் பார்த்தவள் நான். ஒரே ஓர் அமர்வுக்காவது அவளை அழைத்து வரலாமா என்று கேட்டேன். இயலாது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். பணிப்பெண்களின் கைகளில் இத்தனை முதியவர்கள் கண்மூடும் ஊரில், அவர்களுடைய துக்கத்துக்கு ஒரு நாற்காலி போடாதது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. பின்னூட்டப் படிவத்திலும் இதை எழுதியிருக்கிறேன்.

ஐந்துக்கு நான்கு தருவேன். இறப்பு நடந்த உடனே செல்வதைவிட, இரண்டு மூன்று மாதங்கள் கழித்துச் செல்வது நல்லது. சடங்குகளும் உறவினர் வருகையும் ஓயாமல் அங்கே உட்கார்ந்து பேச மனம் வராது. இத்தகைய குழுக்களை விசாரிக்க டிமென்ஷியா சிங்கப்பூர் அமைப்பின் உதவி எண் 6377 0700. நள்ளிரவில் மனம் தாங்க முடியாமல் போனால் சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் 24 மணி நேரமும் இயங்கும் 1767 என்ற எண்ணை அழைக்கலாம். எங்கே விசாரித்தாலும், தமிழ் பேசும் ஊழியர் வேண்டும் என்பதை முதல் அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள். கேட்பவர்கள் கூடினால்தான் தமிழ்க் குழு ஒன்றைத் தொடங்க அவர்களுக்கும் காரணம் கிடைக்கும்.