மோதிரத்தைத் திருப்பிக் கொடுக்கும் நொடி: ஃபாண்டமும் கிறிஸ்டீனும்

பாரிஸ் ஓபரா அரங்கின் நிலவறையில் சிதைந்த முகத்தோடு ஒளிந்து வாழும் இசைமேதை ஃபாண்டம்; மறைந்திருந்தே அவன் பாட்டுக் கற்பித்து, காதலிக்கும் இளம் பாடகி கிறிஸ்டீன். ‘தி ஃபாண்டம் ஆஃப் தி ஓபரா’ இசை நாடகத்தின் கடைசிக் காட்சியில் கிறிஸ்டீன் போன வழியே திரும்பி வருகிறாள். காதலன் ரவூலோடு தப்பிவிட்டவள், நிலவறையில் தனியே குமைந்து கிடக்கும் ஃபாண்டமிடம் வந்து, அவன் தந்த மோதிரத்தை அவன் கையில் வைத்துவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் போய்விடுகிறாள். அவன் அப்போது தன் காதலை ஒரே வரியில் சொல்கிறான். பெரிய வாத்திய முழக்கம் இல்லை, மேடைத் தந்திரமும் இல்லை. இரண்டு நடிகர்களும் ஒரு மோதிரமும் மட்டுமே. இந்த நாடகத்தின் முதன்மை நடிகர்களை நான் அளக்கும் கோல் இந்த ஒரு நிமிடம்தான். அதுவரை எவ்வளவு அழகாகப் பாடியிருந்தாலும், இந்த நிமிடத்தில் என் தொண்டை அடைக்கவில்லை என்றால் அந்த இணை என் மனத்தில் நிற்பதில்லை.

லண்டன் ஹேமார்க்கெட் தெருவில், இன்று ஹிஸ் மெஜஸ்டிஸ் என்று அழைக்கப்படும் அரங்கில், 1986 அக்டோபர் 9 அன்று இந்த நாடகம் தொடங்கியது. நியூயார்க்கின் மெஜஸ்டிக் அரங்கில் 1988 ஜனவரி 26 அன்று தொடங்கி, 13,981 காட்சிகளுக்குப் பிறகு 2023 ஏப்ரல் 16 அன்று அங்கே நிறைவு பெற்றது. நியூயார்க் நாடக உலகமான பிராட்வேயின் வரலாற்றில் இவ்வளவு காலம் ஓடிய நாடகம் வேறில்லை. ஆண்ட்ரூ லாயிட் வெபரின் இசையும், ஹால் பிரின்ஸின் இயக்கமும், மரியா பியோர்ன்சனின் மேடையும் உடையும் ஊருக்கு ஊர் பெரிதும் மாறாமல் பயணம் செய்தவை. ஆகவே ஒரு காட்சிக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் நடிகர்களிடமே இருக்கிறது. நம் பழைய நாடக மேடையில் ராஜபார்ட் யார், ஸ்திரீபார்ட் யார் என்று கேட்டறிந்த பிறகே நாடகம் பார்க்கப் புறப்பட்டவர்கள் உண்டு. இந்த நாடகத்துக்கும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு போவதே முறை என்பது என் எண்ணம்.

ஃபாண்டம் வேடத்தின் அருமையை முதலில் சொல்ல வேண்டும். ஏறக்குறைய இரண்டரை மணி நேர நாடகத்தில் அவன் மேடையில் கண்ணுக்குத் தெரிவது மொத்தத்தில் சுமார் அரை மணி நேரம்தான். முதலில் குரலாக வருகிறான், பிறகு கண்ணாடிக்குள் உருவமாக. முகத்தின் வலப்பாதியை வெள்ளை முகமூடி மறைத்திருப்பதால், முகபாவம் என்று நடிகருக்கு மிஞ்சுவது பாதி உதடும் ஒரு கன்னமும்தான். எஞ்சியதையெல்லாம் கையும் தோளும் மூச்சும் செய்ய வேண்டும். கிறிஸ்டீனின் நிலை இதற்கு நேர் எதிரானது. அவள் ஏறத்தாழ நாடகம் முழுவதும் மேடையில் இருக்கிறாள். பாடுகிறாள், நடனக் குழுவில் ஆடுகிறாள், அஞ்சுகிறாள், இரங்குகிறாள். அந்த வேடத்தின் சுமை காரணமாகவே வாரத்தின் எட்டுக் காட்சிகளில் இரண்டை மாற்று நடிகை ஏற்பது நெடுநாள் வழக்கமாக இருந்து வந்திருக்கிறது.

பலர் கிறிஸ்டீனை அளப்பது தலைப்புப் பாடலின் முடிவில் வரும் உச்ச சுரத்தைக் கொண்டுதான். அது சரியான அளவுகோல் அன்று. மெழுகுவத்திகள் மேடையிலிருந்து முளைத்தெழ, படகு மிதந்து வரும் அந்தப் பகுதியில், மேலே பாலத்தில் நடப்பவர்கள் பல நேரங்களில் ஒத்த உடையணிந்த வேறு நடிகர்கள். ஒலிக்கும் குரலிலும் ஒரு பகுதி முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த மாயத்தோற்றம் அப்படித்தான் கட்டப்பட்டது. ஆனால் நடிகையின் திறத்தை அறிய விரும்புபவர், இரண்டாம் பாகத்தில் தந்தையின் கல்லறை முன் அவள் தனியே நின்று பாடும் பாட்டைக் கவனிக்க வேண்டும். அங்கே பாடுபவள் அவள்தான், உதவிக்கு எந்த மாயமும் இல்லை.

முதல் இணையான மைக்கேல் கிராஃபோர்டையும் சாரா பிரைட்மனையும் நான் நேரில் பார்த்ததில்லை. 1987-இல் வெளியான லண்டன் ஒலிப்பதிவின் வழியாகவே அறிவேன். கிராஃபோர்ட் அதற்கு முன் பிரிட்டனில் தொலைக்காட்சி நகைச்சுவை நடிகராகப் பெயர் பெற்றவர் என்பதால், இந்த வேடத்துக்கு அவர் தேர்வானது பலருக்கு வியப்பாக இருந்தது. கேட்டுப் பார்த்தால் அந்தத் தேர்வின் காரணம் விளங்கும். அவர் குரல் கனத்த ஓபராக் குரல் அன்று; மெல்லியது, பல இடங்களில் ரகசியம் பேசுவது போன்றது, திடீரென்று குழந்தையின் குரலாக உடைவது. நிலவறைக்குள் கிறிஸ்டீனை முதன்முதலில் அழைத்துவந்து அவன் பாடும் பாட்டில், அதட்ட வேண்டிய இடத்தில் அவர் தாழ்ந்து கெஞ்சுகிறார். அன்பு செலுத்தப்படாத ஒருவன் அன்பைக் கேட்கத் தெரியாமல் கேட்கும் தொனி அது. லண்டனில் ஆலிவியர் விருதும் நியூயார்க்கில் டோனி விருதும் அவருக்குக் கிடைத்தன. பிரைட்மனின் குரலுக்காகவே அந்த வேடத்தின் இசை எழுதப்பட்டது என்பதால், அவர் பாடும்போது பாட்டுக்கும் பாடகிக்கும் இடையில் தையல் தெரிவதில்லை. நாடகத்தன்மை குறைவு என்று அவரைப் பற்றிச் சொல்லப்படுவதுண்டு. அந்தக் கண்ணாடி போன்ற, சற்றே தொலைவில் நிற்கும் குரலில்தான் கிறிஸ்டீன் இன்னும் தந்தையை இழந்த குழந்தையாக இருக்கிறாள் என்பது என் பதில். முதல் ரவூலான ஸ்டீவ் பார்ட்டன், பிறகு பிராட்வேயில் ஃபாண்டமாகவும் நடித்தார்.

ஆனால் என் மனத்துக்கு மிக நெருக்கமான ஃபாண்டம் ரமின் கரிம்லூ. அவரிடம் வந்து சேர ஒரு சிறு வழி இருக்கிறது. 1985-இல், நாடகம் முழு வடிவம் பெறுவதற்கு முன்பு, இங்கிலாந்தின் சிட்மன்டனில் உள்ள தம் மாளிகையில் லாயிட் வெபர் நடத்திய சோதனைக் காட்சியில் ஃபாண்டமாகப் பாடியவர் அயர்லாந்துக்காரரான கோல்ம் வில்கின்சன். பின்னர் கனடாவின் டொராண்டோவில் 1989 முதல் அவர் அந்த வேடத்தை ஏற்றார். டெஹ்ரானில் பிறந்து கனடாவில் வளர்ந்த கரிம்லூ, பள்ளிச் சிறுவனாக அங்கே வில்கின்சனைப் பார்த்த அன்றே இந்த வேடத்தின் மேல் ஆசை கொண்டவர். பிற்பாடு லண்டனில் முதலில் ரவூலாகவும், பிறகு ஃபாண்டமாகவும் நடித்தார்; 2004-இல் வந்த திரைப்படத்தில் கிறிஸ்டீனின் இறந்துபோன தந்தையின் உருவமும் அவருடையதே. கிறிஸ்டீன் நேசித்த மூன்று ஆண்களாகவும் ஒருவரே இருந்திருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

2011 அக்டோபர் 1, 2 தேதிகளில், இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவையொட்டி, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் மூன்று காட்சிகள் நடந்தன. கரிம்லூ ஃபாண்டம், அமெரிக்க நடிகையான சியரா போகஸ் கிறிஸ்டீன். இருவரும் அதற்கு முந்தைய ஆண்டில்தான் இந்தக் கதையின் தொடர்ச்சியான நாடகத்தில் இதே வேடங்களில் சேர்ந்து நடித்திருந்தார்கள். அந்தப் பழக்கம் காட்சிக்குக் காட்சி தெரிகிறது. ஒளிப்பதிவாகக் கிடைக்கும் அந்தக் காட்சியை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று எண்ணி வைக்கவில்லை. கரிம்லூவின் ஃபாண்டம் இளையவன், உடல் வலிமை உள்ளவன், சினம் சட்டென்று ஏறுபவன். கிராஃபோர்டின் வசிய மெருகு அவனிடம் இல்லை. ஆனால் கிறிஸ்டீன் முத்தமிட்டதும் அவன் கைகள் படும் பாடு இருக்கிறதே, அதை எழுத்தில் வடிப்பது கடினம். அணைக்க எழுகின்றன, அணைக்கலாமா என்று தெரியாமல் அந்தரத்தில் நடுங்குகின்றன. பிறந்தது முதல் யாரும் தொடாத ஒருவனுக்குத் தொடுகை என்னவென்று புரிய எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரத்தையும் அந்தக் கைகள் எடுத்துக்கொள்கின்றன.

போகஸ் அதற்கு ஈடுகொடுப்பதோடு நிற்கவில்லை. காட்சியை நடத்துபவரே அவர்தான். அவருடைய கிறிஸ்டீன் மயக்கத்தில் இழுக்கப்படும் பேதை அல்ல. அவள் ஃபாண்டமுக்கு அஞ்சுகிறாள், அவனிடம் கற்றவற்றுக்காக நன்றி பாராட்டுகிறாள், அவன் செய்த கொலைகளை மன்னிக்க மறுக்கிறாள். இந்த மூன்றும் ஒரே முகத்தில் அடுத்தடுத்து வருகின்றன. கல்லறைப் பாட்டில் அவர் குரல் தொடக்கத்தில் தழுதழுத்து, ஒவ்வோர் அடியாக மேலேறி, இறுதியில் தந்தையிடமிருந்து விடைபெறும் இடத்தில் முழுதாகத் திறக்கிறது. மோதிரத்தைத் திருப்பிக் கொடுக்க வரும்போது அவர் அழுகையை மறைக்க முயல்வதில்லை. பரிவு காதலாகிவிடாது என்பதும், காதலாகாத பரிவும் மெய்யானதே என்பதும் அந்த முகத்தில் தெரிகின்றன. என்னைப் பொறுத்தவரை இந்த வேடத்தை இதற்கு மேல் செய்ய இடமில்லை.

அதே காட்சியில் ரவூலாக வந்த ஹேட்லி ஃப்ரேசரையும் விட்டுவிடக் கூடாது. வழக்கமாக அழகான கோட்டோடு வந்து போகும் பாத்திரத்துக்கு அவர் கொஞ்சம் முரட்டுத்தனமும் அவசரமும் கொடுத்தார். அதனால் கிறிஸ்டீனின் தேர்வு எளிதானதாகத் தோன்றாமல் போனது, அது நாடகத்துக்கு நன்மையாயிற்று. நிறைவில் பிரைட்மன் மேடைக்கு வந்து வில்கின்சன், ஆஸ்திரேலியாவின் ஆன்டனி வார்லோ, சுவீடனின் பீட்டர் யோபாக், வேல்சைச் சேர்ந்த ஜான் ஓவன்-ஜோன்ஸ் ஆகிய நான்கு ஃபாண்டம்களோடு பாடினார். வார்லோவின் ஆழ்ந்த குரல் கேட்டவுடன் எனக்கு மற்றவர்கள் சிறிது நேரம் மறந்தே போனார்கள்.

ஓவன்-ஜோன்ஸைப் பற்றி இன்னும் ஒரு சொல். குரல் வளத்தை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் நான் முதலிடம் கொடுப்பது அவருக்கே. கட்டளையிடும்போது அரங்கின் கடைசி வரிசை வரை அதிரும். ஆனால் அவருடைய ஃபாண்டமிடம் எனக்கு அச்சம் வரும் அளவுக்கு இரக்கம் வருவதில்லை. நியூயார்க்கில் 2,544 காட்சிகளில் இந்த வேடத்தைத் தாங்கிய ஹாவர்ட் மெக்கிலினும், 2014-இல் பிராட்வேயின் முதல் கறுப்பின ஃபாண்டமாகி போகஸோடு இணைந்து நடித்த நார்ம் லூயிஸும், 2021 ஜூலையில் லண்டன் அரங்கு மீண்டும் திறந்தபோது லண்டனின் நாடக அரங்கப் பகுதியான வெஸ்ட் எண்டின் முதல் கறுப்பினக் கிறிஸ்டீனாக வந்த லூசி செயின்ட் லூயிஸும் வேடத்தின் எல்லையை அகலப்படுத்தியவர்கள் என்ற முறையில் என் மதிப்புக்குரியவர்கள்.

பெயர் பெற்றவர்களை மட்டுமே தேடிப் போவது தவறு என்பதை ஒரு வார நடுநாள் மாலையில் கற்றுக்கொண்டேன். அன்று அரங்கின் முன்கூடத்தில், கிறிஸ்டீனாக மாற்று நடிகை வருகிறார் என்ற அறிவிப்பைப் பார்த்து எனக்கு மனம் சோர்ந்தது. முதல் பாகத்தில் அவர் குரல் சற்றுப் பதற்றமாகவே இருந்தது. கடைசிக் காட்சியிலோ, மோதிரத்தை ஃபாண்டமின் உள்ளங்கையில் வைத்தவர் உடனே கையை எடுக்கவில்லை. அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடித்து மோதிரத்தை மூடிவிட்டுப் போனார். பக்கத்து இருக்கையில் இருந்த முதியவர் கைக்குட்டையைத் தேடினார். நானும் தேடினேன்.

நேரில் பார்க்கப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். முகமூடி நடிகரின் வலக் கன்னத்தை மறைப்பதால், மேடையை நோக்கி அமரும்போது நமக்கு வலப்பக்கமாக வரும் இருக்கைகளில் அவர் முகத்தின் திறந்த பாதி கூடுதலாகத் தெரியும். கீழ்த்தளத்தின் பின்வரிசைகளுக்கு மேல் மாடம் நீண்டிருப்பதால் சரவிளக்கு உயர்ந்தெழும் அழகு அங்கே முழுமையாகக் கிட்டாது. அந்த விலைக்கு முதல் மாடத்தின் முன்வரிசை கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துவிடலாம். 2021-க்குப் பிறகு லண்டனில் வாத்தியக் குழு 27 பேரிலிருந்து 14 பேராகக் குறைந்தது. பழைய ஒலிப்பதிவைக் கேட்டே வளர்ந்த காதுக்கு, தொடக்க இசையில் கம்பி வாத்தியங்களின் அடர்த்தி குறைந்திருப்பது தெரியவே செய்யும். எனக்கு அது வருத்தம்தான். ஆயினும் கடைசிக் காட்சியில் வாத்தியங்கள் ஏறக்குறைய ஒதுங்கிக்கொள்வதால், நான் தேடிப் போகும் நிமிடத்துக்கு அதனால் குறைவு வருவதில்லை. விரும்பும் நடிகருக்காகவே போகிறவர்கள், அன்றைய காட்சியில் அவர் வருகிறாரா என்பதை முன்கூட்டியே பார்த்துவிட்டுச் சீட்டு வாங்குவது நல்லது. விடுப்பும் உடல்நலக் குறைவும் எந்த நாளிலும் வரலாம்.

இந்த நாடகத்தை முன்பின் அறியாதவர் 2011 ஒளிப்பதிவிலிருந்து தொடங்கலாம். அங்கே மேடை அமைப்பு ஹேமார்க்கெட்டில் உள்ளதைப் போன்றதன்று, விழாவுக்கென மாற்றப்பட்டது, ஆனால் முகங்கள் இவ்வளவு அருகில் வேறெங்கும் கிடைக்கா. பிறகு 1987 ஒலிப்பதிவை விளக்கணைத்துவிட்டுக் கேட்க வேண்டும். அதன் பிறகே அரங்குக்குப் போக வேண்டும். போகும்போது கடைசிக் காட்சியில் மேடையில் எரியும் விளக்குகளையோ ஓடிவரும் கூட்டத்தையோ பார்க்காமல், அவள் திரும்பி வரும் அந்த ஓரத்தையும் அவன் கையையும் மட்டும் பாருங்கள்.