லாஜ்பத் நகர் ஆப்கன் சாப்பாடு: என்ன கேட்கலாம், எதைப் பார்சல் வாங்கக்கூடாது

தில்லி மெட்ரோவின் வயலட், பிங்க் தடங்கள் சந்திக்கும் லாஜ்பத் நகரில் இறங்கினால் ஆப்கன் கடைகள் பக்கம்தான். காரத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

முதலில் மந்து. கொத்துக்கறியும் வெங்காயமும் அடைத்து ஆவியில் வேகவைத்த மைதாக் கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே பூண்டுத் தயிர், வெந்த பருப்பு, காய்ந்த புதினாத் தூள். தட்டு வந்த உடனே சாப்பிட வேண்டும். தயிர் குளிர்ச்சியில் மாவு இறுகி, மடித்த விளிம்பு ரப்பர் போல இழுக்கும். பார்சல் வாங்கவே கூடாது. வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் தயிரைத் தனியாகக் கேளுங்கள்.

காபுலி புலாவை பிரியாணியோடு ஒப்பிடுவது அநியாயம். ஆட்டுக்கறி சோற்றுக்குள் புதைந்திருக்கும், மேலே இனிப்பாக வதங்கிய கேரட் கீற்றும் உலர்திராட்சையும். பருக்கை உதிரியாக இருக்கிறதா என்று பாருங்கள்; ஒட்டிக் கட்டியாக இருந்தால் திரும்பச் சூடுபண்ணியதாக இருக்கலாம். ஒரு தட்டு பெரும்பாலும் இரண்டு பேருக்குக் காணும்.

சைவக்காரர்களுக்கு உருளைக்கிழங்கு பொலானி, அதாவது கிழங்கு அடைத்த மெல்லிய ரொட்டி, நல்லது. பொரித்த கத்தரிக்காய் மேல் தயிர் ஊற்றித் தரும் போரானியும் அருமை, ஆனால் பொரித்த காய் என்பதால் எண்ணெய் அதிகம். தொட்டுக்கொள்ள நீள நானைச் சூடாகக் கேட்டு வாங்குங்கள், ஆறினால் வறண்டுவிடும்.