புரொபேட்டுக்கு வக்கீல் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தேடுங்கள்: எங்களுக்கு 85,000 ரூபாய் போனது

நேற்று சாயங்காலம் உயர் நீதிமன்றத்திலிருந்து திரும்பியதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. அப்பாவின் உயிலுக்குப் புரொபேட், அதாவது உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் சான்று, வாங்கித் தருவதாகச் சொன்ன வக்கீலிடம் 85,000 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறோம்.

அப்பா போன பிறகு பெரம்பூர் வீட்டை விற்க நினைத்தோம். வாங்க வந்தவருக்குக் கடன் கொடுக்கும் வங்கி, புரொபேட் இல்லாமல் முடியாது என்றது. எங்களுக்கு வக்கீல் யாரையும் தெரியாது. ஏரியா பெயரைப் போட்டால் பக்கத்தில் இருக்கும் வக்கீல்களைக் காட்டும் ஒரு ஆன்லைன் தளத்தில் என் நம்பரைப் பதிந்தேன். பத்தே நிமிடத்தில் ஒரு வக்கீலிடமிருந்து போன் வந்தது.

மறுநாளே வீட்டுக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அப்பா படத்துக்கு முன்னால் போய்க் கைகூப்பி நின்றார். "கவலைப்படாதீங்கம்மா, இனிமே இது எங்க வீட்டு வேலை" என்றார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி போடப் போனாள். அங்கேதான் ஏமாந்தோம். உயிலின் அசலைப் பழுப்புக் கவரில் போட்டு என் கையாலேயே கொடுத்தேன். பதிவு செய்யாத உயில், பதிவு அலுவலகத்தில் நகல் வாங்கவும் வழியில்லை. ஒரு துண்டுச்சீட்டுகூட எழுதி வாங்கவில்லை. அட்வான்ஸ் 25,000. அப்புறம் கோர்ட் ஃபீஸ், பேப்பர் விளம்பரம் என்று 60,000.

கேட்கும்போதெல்லாம் வக்கீல் ஒரு காரணம் சொன்னார். "ஃபைல் பண்ணியாச்சு, கேஸ் நம்பர் ஆகலை." "செக்‌ஷன்ல குறை இருக்குன்னு ரிட்டர்ன் போட்டுட்டாங்க." மே மாதம் கேட்டால் கோர்ட் லீவு. ஜூனில் ஜூனியர்தான் போனை எடுத்தார், சார் டெல்லியில் இருக்கிறாராம். கடைசியில் தம்பி, வழக்கு விவரங்களைக் காட்டும் ஈ-கோர்ட்ஸ் ஆப்பில் வீட்டில் எல்லோர் பெயரையும் போட்டுத் தேடினான். ஒன்றுமில்லை. நேற்று நேரில் போய் விசாரித்தோம். தாக்கல் செய்திருந்தால், மனுவை வாங்கும்போதே போடும் எஸ்.ஆர். நம்பராவது இருக்கும், அதுவும் இல்லை என்றார்கள்.

தளத்தைக் கேட்டால், "நாங்க நம்பர் மட்டும்தான் தர்றோம் மேடம்." நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்றால், வக்கீல் சேவை அதில் வராது என்று 2024 மே மாதமே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. வக்கீல்களைப் பதிவு செய்து, தப்பு செய்தால் நடவடிக்கை எடுக்கும் பார் கவுன்சிலில்தான் புகார் கொடுக்க வேண்டும். வக்கீல்கள் விளம்பரம் செய்து வழக்குப் பிடிக்கவே கூடாது. இப்படிப்பட்ட தளங்கள் மேல் புகார் கொடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமே பார் கவுன்சிலுக்கு உத்தரவு போட்டது. இதெல்லாம் இப்போதுதான் தெரிகிறது.

85,000 ரூபாய் அம்மா ஃபிக்சட் டெபாசிட்டை உடைத்துத் தந்த பணம். அதைவிட வயிறு எரிவது வேறு விஷயத்துக்கு. உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவர் முன்பே இறந்துவிட்டார். இன்னொருவர் அப்பாவோடு வேலை பார்த்த மாமா, 82 வயது. மார்ச்சில், "எப்போ வரணும்னு சொல்லும்மா, வந்து பிரமாணப் பத்திரத்துல கையெழுத்துப் போடறேன்" என்றார். இப்போது படுக்கையில் இருக்கிறார், என்னை அடையாளம் தெரியவில்லை. உயிலுக்குச் சாட்சி சொல்ல இனி யாருமில்லை.

என்ன செய்யலாம், எப்படித் தேடலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். அசல் உயிலைக் கொடுத்தால் தேதி போட்டு எழுதி வாங்குங்கள். தாக்கல் செய்ததாகச் சொன்னால் அன்றே எஸ்.ஆர். நம்பரைக் கேளுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, 15100க்குப் போன் செய்யுங்கள். சாட்சி நன்றாக இருக்கும்போதே வேலையை முடியுங்கள். தம்பி வந்துவிட்டான், போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும்.