மான்செஸ்டர், ஆக்ஸ்ஃபோர்டு, புனே: வானியலை மக்களிடம் கொண்டுபோன மூன்று வழிகள்

பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினம் வந்தால் எங்கள் கல்லூரி இயற்பியல் துறை பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்து உட்காரவைக்கும். ஒரு சிறப்புரை, ஒரு வினாடி வினா, கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட். அடுத்த பிப்ரவரி வரை அவர்களுக்கும் எங்களுக்கும் தொடர்பே இருக்காது. இது போதாது என்று துறைக் கூட்டத்தில் பேச்சு வந்த பிறகு, அறிவியலை மக்களிடம் கொண்டுபோகும் இந்த வேலையை மனமாரச் செய்த இடங்களைப் பற்றித் தேடிப் படித்தேன். மூன்று இடங்கள் மனதில் நின்றன.

முதலாவது, மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜோட்ரல் பேங்க் வானாய்வகம். 1945 டிசம்பரில் இயற்பியலாளர் பெர்னார்ட் லவல் தன் ரேடார் கருவியுடன் அங்கே போனதற்கே காரணம், நகரத்து டிராம்கள் கிளப்பிய மின் இரைச்சல்தான். தாவரவியல் துறைக்குச் சொந்தமான வயல்வெளி அது. 1957இல் அங்கே 76 மீட்டர் விட்டமுள்ள ரேடியோ தொலைநோக்கி எழுந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஸ்புட்னிக்கை ஏற்றிப்போன ராக்கெட்டை ரேடாரில் பிடித்து உலகப் புகழ் பெற்றது. 2019இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இன்று மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து அந்த வெள்ளைக் கிண்ணத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். 2008இல் ஆராய்ச்சி நிதி வெட்டப்படும் ஆபத்து வந்தபோது, அந்த மக்கள் ஆதரவே அதற்குப் பெரிய துணையாக நின்றது.

ஆனால் ரேடியோ தொலைநோக்கி பிடிப்பது வானிலிருந்து வரும் ரேடியோ அலைகளை. அதில் கண்ணை வைத்துப் பார்க்க எதுவும் இல்லை. நம் காவலூர் வானாய்வகத்தில் வரிசையில் நின்று சனியின் வளையத்தைப் பார்க்கிற ஒரு நிமிடம் இங்கே கிடைக்காது. அதோடு, வருகிறவர்கள் கைபேசியை அணைத்துவிட வேண்டும். அதன் அலை, தொலைநோக்கி தேடும் மெல்லிய அலைகளைக் கெடுத்துவிடும். ஆராய்ச்சிக்கும் பார்வையாளருக்கும் இடையில் இந்த இழுபறி எப்போதும் உண்டு. எப்படியும் இது நம்மால் செய்யக்கூடிய வழி இல்லை.

இரண்டாவது, ஆக்ஸ்ஃபோர்டில் ஆராய்ச்சியிலேயே முளைத்த யோசனை. கெவின் ஷவின்ஸ்கி என்ற ஆய்வு மாணவர் ஒரே வாரத்தில் 50,000 விண்மீன் மண்டல (கேலக்ஸி) படங்களைத் தானே பார்த்து வகைப்படுத்தி ஓய்ந்துபோனார். இருந்ததோ கிட்டத்தட்ட பத்து லட்சம் படங்கள். அவரும் கிறிஸ் லின்டாட்டும் மற்றவர்களும் சேர்ந்து 2007 ஜூலையில் 'கேலக்ஸி ஜூ' என்ற பெயரில் அந்தப் படங்களை இணையத்தில் வைத்து, இது சுருளா, நீள்வட்டமா என்று மக்களிடமே கேட்டார்கள். முதல் ஆண்டில் 5 கோடிக்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன. ஹன்னி வான் ஆர்கெல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை ஒரு படத்தின் ஓரத்தில் விசித்திரமான ஒளித்திட்டு ஒன்றைக் கண்டு, இது என்ன என்று கேட்டார். அணைந்துபோன ஒரு குவாசாரின், அதாவது கருந்துளையால் மிகப் பிரகாசமாக ஒளிரும் விண்மீன் மண்டல மையத்தின், பழைய ஒளி பட்டு மின்னும் வாயு மேகம் அது. தொழில்முறை வானியலாளர் யார் கண்ணிலும் படாதது, கேட்கத் தயங்காத ஒரு ஆசிரியையின் கண்ணில் பட்டது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறு. சுருள்கள் வலஞ்சுழியா இடஞ்சுழியா என்றும் கேட்டார்கள். இடஞ்சுழி கொஞ்சம் கூடுதலாக வந்தது. பிரபஞ்சத்துக்கே ஒரு பக்கச் சாய்வு இருக்கிறதா? படங்களைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிக் காட்டினார்கள். அப்போதும் இடஞ்சுழியே கூடுதல். சாய்வு வானத்தில் இல்லை, பார்க்கிற மனிதரிடம் இருக்கிறது! முறைசார் பிழையை, அதாவது எப்போதும் ஒரே பக்கமாகச் சாயும் பிழையை, சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. குறை என்றால், இணையமும் ஓரளவு ஆங்கிலமும் தானாக வருகிற ஆர்வமும் இருப்பவர்களைத்தான் இது முதலில் எட்டுகிறது.

மூன்றாவது, புனேயில் உள்ள அயூகா என்ற வானியல் ஆய்வு மையம். 1988இல் வானியலாளர் ஜெயந்த் நார்லிகர் நிறுவியது. கண்டிப்பாகச் சொன்னால் இது ஒரு பல்கலைக்கழகத் துறை அல்ல. நாட்டின் பல்கலைக்கழகத் துறைகள் எல்லாம் பயன்படுத்திக்கொள்ளும் பொது மையம். கையெழுத்து கேட்கும் பிள்ளைகளிடம் நார்லிகர், ஒரு அஞ்சலட்டையில் அறிவியல் கேள்வி எழுதி அனுப்பு, பதிலோடு கையெழுத்தும் வரும் என்பாராம். அங்குள்ள குழந்தைகள் அறிவியல் மையத்தில் அரவிந்த் குப்தா பல ஆண்டுகள் குப்பையிலிருந்து பொம்மை செய்து காட்டினார்.

அவருடைய மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பேட்டரி, சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் வளையம், இரண்டு ஊக்கு, ஒரு காந்தம், எனாமல் பூசிய செம்புக்கம்பிச் சுருள். சுருளின் ஒரு முனையில் எனாமலை முழுக்கச் சுரண்ட வேண்டும், மறுமுனையில் ஒரு பக்கம் மட்டும் விட்டுவிட வேண்டும். இரண்டையும் முழுக்கச் சுரண்டினால் சுருள் சரியாகச் சுற்றாது. பாதிச் சுற்றில் விசை எதிர்ப்பக்கம் இழுக்கும். விட்டுவைத்த அந்தக் கோடு சரியான நேரத்தில் மின்சாரத்தை நிறுத்துகிறது, மீதிச் சுற்றைச் சுருள் தன் வேகத்திலேயே கடந்துவிடுகிறது. தப்பாகச் சுரண்டி, சுற்றாமல் விழித்த பிள்ளை இதை மறக்காது. செலவும் மிகக் குறைவு.

இதில் புதிய ஆராய்ச்சி எதுவும் பிறக்காது, உண்மைதான். ஆனாலும் தொலைநோக்கி இல்லாத, நிதி இல்லாத ஒரு துறை புனேயிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆக்ஸ்ஃபோர்டு வழி, வெளியாருக்கு முன் நம் மாணவர்களுக்குப் பயன்படும். இரண்டாம் ஆண்டு ஆய்வகத்தில் பிழைக் கணக்கு நடத்தும் வாரத்தில், நேர்ப்படமும் கண்ணாடிப் படமுமாக நூறு சுருள் விண்மீன் மண்டலங்களைக் கொடுத்து வலஞ்சுழி, இடஞ்சுழி எண்ணச் சொல்லப்போகிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு சனிக்கிழமை. ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் முதலாம் ஆண்டு மாணவர் ஒருவர் உட்காருவார். எனாமலை அவர் சுரண்டிக் கொடுக்கக் கூடாது என்பது மட்டும்தான் விதி.