படமா, தொடரா? இரண்டு நாவல்கள், நான்கு வடிவங்கள்

எங்கள் மட்டக்களப்பில் கூத்து விடிய விடிய நடக்கும். ஒவ்வொருவரும் களரிக்கு வந்து, ஆடி, தான் யாரென்று பாடி முடிக்கவே நெடுநேரம் பிடிக்கும். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அந்தக் கூத்தைச் சுருக்கி மேடையேற்றினார். அப்படி வந்த 'இராவணேசன்' கூத்தைப் பற்றி இன்றும் கதைக்கிறோம். அதனால், ஒரு நாவலைப் படத்துக்காகச் சுருக்குவதே குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். எதை வெட்டினார்கள் என்றுதான் பார்ப்பேன்.

போன விடுமுறையில் கல்லடிக்கு வந்திருந்த என் மருமகளோடு, கிரேக்கக் கடவுள் ஒருவருக்குப் பிள்ளையான பெர்சி ஜாக்சன் என்ற பொடியனின் கதையின் இரண்டு வடிவங்களையும் பார்த்தேன்: 2010இல் வந்த படம், 2023 டிசம்பரில் டிஸ்னி பிளஸ் தொடங்கிய தொடர். நாவலை வாசித்து முடித்திருந்தவள், படம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே, "மாமி, இவன் பெரிய பொடியனா இருக்கானே" என்றாள்.

அவள் பிடித்த இடம் சரியான இடம். நாவலில் பெர்சிக்கு 12 வயது. படத்தில் அவன் உயர்தரம் படிக்கிற பொடியன் மாதிரி இருக்கிறான். ஐந்து நாவல்களையும் கோர்த்து நிற்பது ஒரு தீர்க்கதரிசனம்: ஒரு பிள்ளைக்கு 16 வயதாகும்போது கடவுளரின் இருப்பிடமான ஒலிம்பசின் கதி முடிவாகும். 12இல் தொடங்கினால்தான் வாசிக்கிற பிள்ளை ஒவ்வொரு பிறந்தநாளையும் பயந்து பயந்து எண்ணும். படத்தில் அந்த எண்ணிக்கைக்கே இடமில்லை. வயதைக் கூட்ட வேண்டாம் என்று நாவலாசிரியர் ரிக் ரியோர்டன் தயாரிப்பாளர்களுக்கு எழுதியும் பார்த்தார். திரைமறைவில் இருந்து எல்லாவற்றையும் ஆட்டிவைக்கிற வில்லன் குரோனொசையும் முதல் படத்தில் இருந்து நீக்கிவிட்டார்கள். வேரை வெட்டிவிட்டு மரம் வளரவில்லையே என்று கவலைப்பட்டு என்ன பயன்? 2013இல் இரண்டாம் படத்தோடு அந்த வரிசை நின்றது.

தொடரில் ரியோர்டனும் தயாரிப்பில் இருந்தார். பெர்சி சின்னப் பிள்ளையாகவே வருகிறான். தாய்க்கும் அவனுக்குமான பாசத்துக்கு நேரம் கிடைக்கிறது. முதல் சீசனின் எட்டு அங்கங்களில் அதுதான் எனக்கு நெஞ்சில் நின்றது. ஆனால் ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். பொறி எது, பகை யார் என்பதைப் பிள்ளைகள் சட்டென்று கண்டுபிடித்து வாயாலேயே விளக்கிவிடுகிறார்கள். பார்த்தவரைக் கல்லாக்கும் மெடூசாவின் வீட்டில் வரவேண்டிய பயம் வரவில்லை. தாமரைச் சூதாட்டக் கூடத்தில் அவர்கள் தம்மை மறந்து கிடக்கிற காட்சியில் படம்தான் முந்துகிறது. இரண்டாம் சீசனுக்கு இரண்டு வருடம் காத்திருக்க வேண்டியும் வந்தது. வளர்கிற பிள்ளைகளை நடிக்க வைக்கும் தொடருக்கு அது சின்ன விசயமில்லை.

அடுத்தது 'த கோல்டன் கொம்பஸ்'. பிலிப் புல்மனின் மூன்று நாவல்களில் முதலாவதை 2007இல் 18 கோடி டொலர் செலவில் படமாக்கினார்கள். இந்தக் கதையில் மனிதரின் ஆன்மா ஒரு விலங்காகக் கூடவே நடமாடும். படம் முழுக்க அந்த விலங்குகள் உயிரோடு திரிகின்றன. காட்சி விளைவுகளுக்கு ஒஸ்காரும் கிடைத்தது. 2019இல் தொடங்கிய பிபிசி, எச்பிஓ தொடரில் பல காட்சிகளில் விலங்குகளைத் தேட வேண்டியிருக்கிறது. ஆன்மா கண்ணுக்குத் தெரியாவிட்டால் இந்தக் கதையில் என்ன மிஞ்சும்? இதில் நான் படத்தின் பக்கம்.

ஆனால் முடிவு? நாவலின் கடைசி அத்தியாயங்களைப் படமாக்கிவிட்டு, அடுத்த பாகத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று வெட்டினார்கள். அடுத்த பாகம் வரவேயில்லை. கதாநாயகியான சிறுமி லைராவும் அவள் நண்பன் ரோஜரும் நம்பிக்கையோடு வானத்தில் பறந்துபோவதோடு படம் முடிகிறது. தொடர் அப்படித் தப்பிக்கவில்லை. முதல் சீசனின் கடைசி அங்கத்தில் நாவல் நின்ற இடத்திலேயே வந்து நின்றது. மொத்தம் மூன்று சீசன்களில் மூன்று நாவல்களையும் முடித்தது. இரண்டில் ஒன்றைத்தான் ஒரு பிள்ளைக்குக் காட்டலாம் என்றால் நான் தொடரைத்தான் காட்டுவேன்.

மருமகளுக்கு முதலில் காட்டியது படம். சந்தோசமாக எழும்பிப் போனாள். பிறகு நாவலைக் கொடுத்தேன். மூன்றாம் நாள் இரவு, நித்திரை கொள்ளாமல், புத்தகத்தோடு என் அறை வாசலில் வந்து நின்றாள். "ரோஜருக்கு இப்பிடி நடக்கும் எண்டு படத்தில சொல்லவே இல்லையே, மாமி." அன்றிரவே இருவரும் இருந்து தொடரின் அந்த அங்கத்தைப் பார்த்தோம். முடியும்வரை என் கையை அவள் விடவில்லை.