பல் வெண்மையாக்கும் ‘பேக்கேஜ்’: பணம் கட்டும் முன் படிக்கவும்

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்து, பற்களில் கறையோடு இருப்பவர்கள், எந்தக் கிளினிக்கிலும் வெண்மையாக்கும் சிகிச்சைக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். திருமணம் நிச்சயமான என் தங்கைக்குச் சேலத்திலுள்ள ஒரு பல் கிளினிக்கில் நேர்ந்ததை எழுதுகிறேன்.

அவளுடைய முன்பற்களில் சுண்ணாம்பு தீற்றியது போன்ற வெள்ளைத் திட்டுகளும் அவற்றின் நடுவே பழுப்புக் கோடுகளும் சிறு வயதிலிருந்தே உண்டு. மேல்வரிசையில் ஒரு பல் மட்டும் சாம்பல் நிறமாக இருக்கும். அது பள்ளி நாட்களில் சைக்கிளிலிருந்து விழுந்தபோது அடிபட்ட பல். எந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தாள், அந்த ஒரு பல் ஏன் நிறம் மாறியிருக்கிறது என்று அங்கே எவரும் கேட்கவில்லை, எக்ஸ்ரேயும் எடுக்கவில்லை. வரவேற்பில் இருந்தவரே நிறம் ஒப்பிடும் பட்டையைப் பல்லருகே பிடித்துப் பார்த்துவிட்டு, “லேசர் ஒயிட்டனிங் மேடம், ஒரே சிட்டிங்கில் எல்லாக் கறையும் போய்விடும்” என்று உறுதியளித்து, 18,000 ரூபாயை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்.

லேசர் என்று சொல்லப்பட்டது வெறும் நீல நிற எல்இடி விளக்கு. நிறத்தை வெளுக்கச் செய்வது பல்லில் பூசப்படும் பெராக்சைடு ஜெல்தான். விளக்கு இல்லாமலும் அது வேலை செய்யும். ஜெல் பூசும் முன் ஈறுகளை மூடிப் பாதுகாக்க வேண்டும். அதைச் சரியாகச் செய்யாததால் ஜெல் கசிந்து, எரிகிறது என்று அவள் கையசைத்தபோதும், “கொஞ்சம் பொறுத்துக்கோங்க மேடம்” என்றே சொல்லியிருக்கிறார்கள். வெளியே வந்தபோது அவளது ஈறின் ஓரம் வெளிறிப்போயிருந்தது. அன்றிரவு தண்ணீர்கூடக் குடிக்க முடியாத அளவுக்குப் பல் கூச்சம். பழுப்புக் கோடுகள் சற்றே மங்கின. வெள்ளைத் திட்டுகள் முன்னைவிட எடுப்பாகத் தெரிந்தன. சாம்பல் நிறப் பல் அப்படியே இருந்தது.

பிறகு நாங்கள் பார்த்த பல் மருத்துவர் முதலில் எக்ஸ்ரே எடுத்தார். அடிபட்ட பல்லின் உள்ளே நரம்பும் இரத்தக் குழாய்களும் செத்து, வேர் நுனியில் தொற்று இருந்தது. அத்தகைய பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து, தேவைப்பட்டால் உட்புறமிருந்து வெளுக்கச் செய்ய வேண்டும். வெளியே பூசும் ஜெல்லால் நோய் தீராது. எனக்கு மிகுந்த கோபம் வருவது இந்த இடத்தில்தான். சீழ் பிடித்த பல்லைக் கவனிக்காமல் அதன் மேலேயே அழகு சிகிச்சை செய்திருக்கிறார்கள்.

மற்றப் பற்களில் இருப்பது ஃபுளோரோசிஸ், அதாவது குடிநீரில் ஃபுளோரைடு உப்பு மிகுவதால் விழும் கறை. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், மாற்று ஆதாரமே இல்லாவிட்டால் 1.5 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேற்பட்ட நீரைக் குழந்தைகள் தொடர்ந்து குடித்தால், ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லின் எனாமல் எனப்படும் கடினமான மேலடுக்கு பழுதுபடுகிறது. இந்த வட்டாரங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பே பல் உருவாகிவிட்டவர்களுக்குக் கறை அப்படியேதான் இருக்கும். லேசான கறையானால் எனாமலின் மேற்பரப்பை மிக மெல்லியதாகத் தேய்த்தெடுப்பார்கள், அல்லது திட்டுகளுக்குள் ரெசின் என்ற பிசினை ஊடுருவச் செய்வார்கள். ஆழமானதற்கு வெனீர் போன்ற மேலுறை தேவைப்படலாம்.

தேநீர், வெற்றிலை பாக்கு, புகையிலை, நீண்டநாள் பயன்படுத்திய குளோர்ஹெக்சிடின் வாய் கொப்பளிப்பான் ஆகியவற்றால் வெளியே படிந்த கறை பெரும்பாலும் சாதாரணச் சுத்திகரிப்பிலேயே போய்விடும். சிறுவயதில் டெட்ராசைக்ளின் மருந்து உட்கொண்டதால் பட்டை பட்டையாக விழுந்த கறைக்கோ மாதக்கணக்கில் சிகிச்சை தேவைப்படும். அப்போதும் முழுதாக மறையும் என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே போட்ட கேப்பும் பல் நிற அடைப்பும் எந்த ஜெல்லுக்கும் வெளுக்காது.

பணத்தைத் திரும்பக் கேட்டதற்கு, பேக்கேஜுக்கு ரீஃபண்ட் கிடையாது என்று சொல்லி, பாதிக் கட்டணத்தில் இன்னொரு சிட்டிங் தருவதாகப் பேசினார்கள். பில்லில் ‘காஸ்மெட்டிக் பேக்கேஜ்’ என்பதைத் தவிர, சிகிச்சை அளித்தவரின் பெயரோ பதிவு எண்ணோ இல்லை. பில், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், இரண்டாவது மருத்துவரின் எக்ஸ்ரே ஆகியவற்றோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளிக்க இருக்கிறோம். இதற்கு 2 ஆண்டுக் காலவரம்பு உண்டு என்பதால், இதேபோல் பணம் கட்டி ஏமாந்தவர்கள் தங்கள் பில்லைத் தொலைத்துவிடாமல் வைத்திருங்கள்.