சாண்ட் பிளாஸ்டிங் கேபினட் கிளவுஸ்: எது உழைக்கிறது, எங்கே கிழிகிறது

கோவையில் எங்கள் பட்டறையில் பவுடர் கோட்டிங்குக்கு முன் துருவும் பழைய பெயின்டும் எடுப்பதுதான் முக்கால்வாசி வேலை. அலாய் வீல், பைக் இன்ஜின் கவர், பம்ப் இம்பெல்லர், ஃபவுண்டரியிலிருந்து வரும் சின்ன வார்ப்புகள் என்று கலந்து வரும். இதைச் செய்வது சாண்ட் பிளாஸ்டிங் கேபினட்: மூடிய பெட்டிக்குள் காற்றழுத்தத்தில் துகளைப் பீய்ச்சி அடிக்கும் மெஷின், அதிலேயே மாட்டியிருக்கும் கிளவுஸுக்குள் கை விட்டுத்தான் வேலை செய்ய வேண்டும். கேபினட் வாங்க வருகிறவர்கள் கம்ப்ரஸரைப் பற்றிக் கேட்பார்கள், துகள் வெளிவரும் நாசிலைப் பற்றிக் கேட்பார்கள். கிளவுஸைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மெஷினோடு வருவதை மாட்டிக்கொண்டு, கிழிந்தால் அதே மாதிரி ஒன்றை வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். பல வருடங்களாகப் பல வகைகளை மாற்றி மாற்றி ஓட்டியதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இது: கிளவுஸை மட்டும் பார்த்து நல்லது, கெட்டது சொல்ல முடியாது. உள்ளே ஓடும் கிரிட், அதாவது அடிக்கும் துகள், எது, அது தெறித்து எந்தக் கையில் விழுகிறது என்ற இரண்டையும் வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

விலை குறைந்த கேபினட்டுகளோடு பெரும்பாலும் பி.வி.சி. கிளவுஸ்தான் வரும். கிளாஸ் பீட் எனும் கண்ணாடி மணித் துகள் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு அது போதும். கிளாஸ் பீட் உருண்டையானது, மோதினாலும் அறுக்காது. அலுமினியம் ஆக்சைடு அப்படியில்லை. மோஸ் கடினத்தன்மை அளவில் 10-க்கு 9, ஒவ்வொரு துகளுக்கும் கூரான விளிம்பு. அதைப் போட்டு ஓட்ட ஆரம்பித்தால் பி.வி.சி. முதலில் மழமழப்பை இழக்கும், பிறகு விறைக்கும், கடைசியில் விரல் மடங்கும் இடத்தில் வெடித்துவிடும். கார்னெட் என்ற கனிமத் துகள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும், கடினம் 7க்கு மேல்.

ஆற்று மணலை மட்டும் கேபினட்டில் கொட்டாதீர்கள். மணலில் இருக்கும் சிலிக்கா தூளாகி நுரையீரலுக்குள் போனால் சிலிகோசிஸ் வரும், வந்தபின் அதைக் குணமாக்க வழியில்லை. பிரிட்டனில் வார்ப்புகளைச் சுத்தம் செய்ய மணல் அடிப்பதை 1949-லேயே விதி போட்டு நிறுத்திவிட்டார்கள். கிளவுஸில் ஓட்டை விழுந்தால் தூசு வெளியே வரவும் வழி கிடைக்கிறது என்பதால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கூரான கிரிட்டுக்கு என் முதல் தேர்வு இயற்கை ரப்பர்தான். ரப்பர் அடியை வாங்கி, அமுங்கி, துகளைத் திருப்பி அனுப்பிவிடும். பிளாஸ்டிங் ரூம் சுவர்களில் ரப்பர் ஷீட் மாட்டுவதும் இதற்காகத்தான். ஆனால் நேராக விழும் அடியைத் தாங்குகிற அதே ரப்பரை, சாய்வாக உரசிப் போகும் துகள் சீவிவிடும். கிழிந்த கிளவுஸ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். உள்ளங்கை நன்றாகவே இருக்கும். இடது கை ஆள்காட்டி விரலின் பக்கவாட்டிலும் கட்டைவிரலுக்கும் அதற்கும் நடுவிலும்தான் தேய்ந்திருக்கும். வலது கையில் கிரிட்டைப் பீய்ச்சும் கன் இருக்கிறது, இடது கை பொருளைப் பிடிக்கிறது. பொருளில் பட்டுத் தெறிப்பதெல்லாம் சாய்வாக இடது கையைத்தான் உரசிக்கொண்டு போகிறது.

எங்கள் பட்டறையில் வருடக்கணக்காகக் கேபினட் ஓட்டும் தம்பி ஒவ்வொரு முறையும் இதையே சொல்வார்: "இடது கை போயிருச்சுங்ணா, வலது கை புதுசாட்டவே இருக்குதுங்." அதனால் ஜோடியாக மட்டுமே விற்கும் கடையை விட, ஒற்றைக் கையாகத் தரும் கடையைத் தேடிப் பிடித்தோம். கன்னை ஸ்டாண்டில் பொருத்திக் கால் பெடலில் ஓட்டுகிறவர்களுக்கு இரண்டு கையும் ஒரே மாதிரி தேயும், அவர்களுக்கு ஜோடியே சரி.

பாக்கெட்டில் 'இ.என். 388' என்று பாதுகாப்புக் கிளவுஸுக்கான ஐரோப்பியத் தர எண்ணைப் போட்டு, பக்கத்தில் எண்கள் இருக்கும். முதல் எண் தேய்மானத்துக்கு, 1 முதல் 4 வரை. 4 என்றால் 8,000 சுற்று தேய்த்தும் தாங்கியது என்று பொருள். அந்தச் சோதனை உப்புத்தாள் போன்ற ஒன்றால் தேய்த்துப் பார்ப்பது. காற்றின் வேகத்தில் வந்து மோதும் துகளை அது அளப்பதில்லை. 4 போட்ட மெல்லிய கிளவுஸ் அலுமினியம் ஆக்சைடு முன்னால் சீக்கிரமே விரல் நுனியில் ஓட்டையானதை நான் பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிங் வேலைக்கென்றே ஐ.எஸ்.ஓ. 14877 என்று தனித் தரம் இருக்கிறது. அந்த எண்ணைக் கேட்டு வாங்கலாம்.

அப்படியானால் தடிமன்தான் எல்லாமா என்றால், இல்லை. மிகத் தடித்த கிளவுஸில் சின்ன கார்புரேட்டர் பாகத்தைப் பிடித்துத் திருப்பவே முடியாது. பிடி நழுவும், நழுவினால் கை தானாக நாசிலுக்கு நெருங்கும், விரல் மேலேயே நேராக அடி விழும். எங்களுக்குச் சரியாக அமைந்தது நடுத்தரத் தடிமன், உள்ளங்கையில் சொரசொரப்பு, உள்ளே பருத்தித் துணி ஒட்டியது. அளவும் முக்கியம். வெளிநாட்டு அளவுக் கிளவுஸ்களில் நம் ஆட்கள் பலருக்கு விரல் நுனி காலியாகத் தொங்கும். தொங்கும் நுனி மடங்கி, அந்த மடிப்புதான் முதலில் தேயும். உள்ளே மெல்லிய பனியன் துணி கிளவுஸ் ஒன்றைப் போட்டுக்கொண்டால் வியர்வையும் உறியும், விரலும் நிரம்பும். பலர் மாறி மாறி ஒரே கேபினட்டில் கை விடும் பட்டறையில் இது கட்டாயம் வேண்டும், ஆளுக்கொரு ஜோடி.

எல்லாவற்றையும் விட அதிக நாள் உழைக்க வைத்தது ஒரு சின்ன ஏற்பாடு. கேபினட்டுக்குள், ரப்பர் கிளவுஸின் மேலேயே, சாதாரண வெல்டிங் தோல் கிளவுஸ் ஒன்றை இடது கைக்கு மட்டும் மாட்டிவிடுகிறோம். தேய்வது தோல், தப்பிப்பது ரப்பர். தோல் தேய்ந்தால் கதவைத் திறந்து மாற்றினால் போதும், கிளவுஸைக் கேபினட்டோடு இறுக்கும் கிளாம்பைத் தொடவே வேண்டாம். அலாய் வீல், இரும்பு பிராக்கெட் போன்ற பெரிய பொருட்களுக்கு இதை அடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. நுணுக்க வேலைக்கு மட்டும் கழற்றிவிடுகிறோம்.

இன்னொரு கிழியும் இடம் யார் கண்ணிலும் படாது: கிளவுஸ் கேபினட் வளையத்தில் மாட்டும் வாய். ஹோஸ் கிளாம்பின் விளிம்பு ரப்பரை அறுத்துக்கொண்டே இருக்கும். பழைய சைக்கிள் டியூபை ஒரு பட்டையாக வெட்டி, கிளவுஸுக்கும் கிளாம்புக்கும் நடுவில் சுற்றிவிட்டு முறுக்குங்கள். வளையத்தின் உள் விளிம்பு கூராக இருந்தால் அரம் போட்டு மழுக்கிவிடுங்கள். முழங்கை வரை நீண்ட ஸ்லீவ் தனி, கைப்பகுதி தனி என்று இரண்டு துண்டாக வரும் வகையும் உண்டு. வாங்கும்போது விலை கூடுதல். ஆனால் ஸ்லீவ் எளிதில் தேயாது, கைப்பகுதியை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம். நாள் முழுக்கக் கேபினட் ஓடும் இடத்தில் அந்தப் பணம் திரும்பி வந்துவிடும்.

எண்ணெய்ப் பிசுக்கோடு வரும் இன்ஜின் பாகங்கள் இயற்கை ரப்பருக்கு எதிரி. எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதி, கொழகொழத்து, பலம் போய்விடும். கழுவிக் காயவைத்த பிறகே உள்ளே விடுங்கள், கிரிட்டும் கட்டியாகாமல் இருக்கும். அதற்கு வழியில்லாதவர்கள் நியோபிரீன் எனும் செயற்கை ரப்பர் கிளவுஸ் வாங்கலாம். எண்ணெயை ஓரளவு தாங்கும், ஓசோனையும் தாங்கும். ஆர்க் வெல்டிங் நடக்கும் இடத்தில் ஓசோன் உண்டாகிறது, அது இழுபட்டிருக்கும் இயற்கை ரப்பரில் குறுக்குக் கோடுகளாக வெடிப்பு விட வைக்கும். ஸ்டாக் கிளவுஸ்களைத் தகரக் கூரைச் சூட்டில் தொங்கவிடாமல், மடிக்காமல், இருட்டான பெட்டியில் வைக்கிறோம். லேட்டக்ஸ், அதாவது இயற்கை ரப்பர், அலர்ஜி உள்ளவர்களுக்கும் நியோபிரீனே நல்லது.

ஓட்டை பார்ப்பது தினசரி வேலை. கதவை மூடி, தூசை உறிஞ்சும் டஸ்ட் கலெக்டரைப் போட்டால் உள்ளே காற்றழுத்தம் குறைந்து, கிளவுஸ் இரண்டும் உப்பிக்கொண்டு நிற்கும். ஓட்டை இருந்தால் உஸ்ஸென்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்கும். பட்டறை விளக்கை அணைத்து, கேபினட் விளக்கை மட்டும் எரியவிட்டு கிளவுஸுக்குள் எட்டிப் பார்த்தாலும் ஊசித் துளை வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். ஸ்லீவில் விழுந்த ஓட்டைக்கு டியூப் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனும் பேட்சும் இயற்கை ரப்பரில் நன்றாகப் பிடிக்கும். விரலில் விழுந்த ஓட்டைக்கு ஒட்டுப் போட்டு ஓட்ட நான் யாரையும் விடுவதில்லை. 80 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் வரும் கிரிட் அந்தத் துளை வழியாகத் தோலுக்குள்ளேயே ஏறிவிடும்.

காற்றில் ஈரம் குறைந்த மாதங்களில் கிளவுஸுக்குள் சுரீரென்று ஷாக் அடித்தால் கிளவுஸைக் குறை சொல்ல வேண்டாம். அது கிரிட் உரசிச் சேரும் ஸ்டேடிக் மின்சாரம். கேபினட் பாடிக்கும் நாசிலுக்கும் எர்த் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைக்குப் போகும் முன் மூன்று அளவு எடுத்துக்கொள்ளுங்கள். கேபினட் வளையத்தின் வெளி விட்டம் முதலாவது, 6 இஞ்சும் 8 இஞ்சும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். வளையத்திலிருந்து கேபினட்டின் தூர மூலை வரை கை எட்டும் நீளம் இரண்டாவது. நீளம் போதாத கிளவுஸ் ஒவ்வொரு முறை எட்டும்போதும் வாயில் இழுபட்டு அங்கேயே கிழியும். அதிக நேரம் ஓட்டப்போகிறவரின் கை அளவு மூன்றாவது. முடிந்தால் அவரையே கூட்டிக்கொண்டு போங்கள்.